தூதரா போற ஸ்காலர்ஷிப்புக்கு எத்தன ஏ வேணும்னு கேக்குறவங்களுக்கு

ஆறாம் படிவ எஸ்டிபிஎம் பரீட்சை ரிசல்ட் வந்தாலும் சரி, டிகிரி முடிஞ்சாலும் சரி, பினாங்குல பிறை, பட்டர்வொர்த் பக்கம் நம்ம பிள்ளைங்க என்கிட்ட வந்து கேக்குற மொத கேள்வி இதான்: "அக்கா, வெளிநாட்டு ஸ்காலர்ஷிப்புக்கு எத்தன ஏ வேணும்?" அதுங்கள குத்தம் சொல்ல முடியாது, ஜேபிஏ அரசாங்க ஸ்காலர்ஷிப், மெட்ரிகுலேஷன் வகுப்பு, இன வாரியா கோட்டான்னு வீட்டுல ராத்திரி சாப்பாடு வரைக்கும் அதே பேச்சுதான், ஏ எண்ணியே வளந்த பிள்ளைங்க வேற எப்படி கேக்கும் சொல்லுங்க. ஆனா வெளிநாட்டு ஸ்காலர்ஷிப்புல ஒரு வகை இருக்கு, அதுல ஏ எல்லாம் உள்ள நுழையற டிக்கெட்டு மட்டும்தான், அதுக்கப்புறம் அவங்க பாக்குறது நீங்க அறிமுகமில்லாத மனுஷங்ககிட்ட உக்காந்து பேசுவீங்களா, உங்க ஊரப் பத்தி உருப்படியா ஏதாவது சொல்லுவீங்களான்னு. நல்லெண்ணத் தூதர்னு சொல்லி அனுப்புறாங்களே, அந்த வகை.

இது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா ஃபார்ம்ல என்ன எழுதணும்னு பாதி புரிஞ்சிடும். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட ஆரம்பிச்சதுதான் இது. அமெரிக்காவுல ஃபுல்பிரைட்னு ஒரு செனட்டர், போருக்குன்னு வெளிநாடுகள்ல குவிச்சு வச்சிருந்த சாமான வித்து வர்ற காசுல மாணவர்கள நாடு விட்டு நாடு அனுப்பலாம்னு 1946-ல சட்டம் கொண்டு வந்தாரு. அடுத்த வருஷம் ஜனவரியில ரோட்டரிங்குற தொண்டு சங்கத்த ஆரம்பிச்ச பால் ஹாரிஸ் இறந்துட்டாரு, அவர் நினைவா உலகம் பூரா இருந்து நன்கொடை வந்து குவிஞ்சுச்சு, அந்தக் காசுல 18 மாணவர்கள வெளிநாட்டுக்கு படிக்க அனுப்புனாங்க. அதுதான் பின்னால ரோட்டரி அம்பாசடோரியல் ஸ்காலர்ஷிப், அதாவது தூதர் ஸ்காலர்ஷிப் ஆச்சு. ஏஎஃப்எஸ்னு பள்ளி மாணவர் பரிமாற்றம் பண்றாங்களே, அவங்க ஆரம்பத்துல போர்க்களத்துல ஆம்புலன்ஸ் ஓட்டுன தொண்டர்கள், அவங்களும் அதே 1947-லதான் பிள்ளைங்கள ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் அனுப்ப ஆரம்பிச்சாங்க. அடிச்சுக்கிட்டு செத்தது போதும், இனிமே ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் உக்காந்து சாப்பிட்டுப் பாக்கட்டும்னுதான். அந்தப் புத்தி இன்னிக்கும் ஃபார்ம் கேள்விகள்ல இருக்கு.

ரோட்டரி ஸ்காலர்ஷிப்புல போனவங்கள்ல எனக்குப் பிடிச்சவங்க சடாகோ ஒகாடா. 1951-ல ஜப்பான்ல இருந்து ஜார்ஜ்டவுனுக்கு படிக்கப் போனாங்க, நம்ம பினாங்கு ஜார்ஜ்டவுன் இல்ல, வாஷிங்டன்ல இருக்குற பல்கலைக்கழகம். போர் முடிஞ்சு ஆறே வருஷம், எதிரி நாட்டுப் பொண்ணு. பின்னால 1991-லேருந்து 2000 வரைக்கும் ஐநா அகதிகள் ஆணையத்துக்கே தலைவியா இருந்தாங்க.

எங்க பெரியம்மா மகள் தொண்ணூறுகள்ல இதே ஸ்காலர்ஷிப்புல ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து பக்கம் போனவங்க. கூலிம் பக்கத்துல தோட்டத்துல பொறந்து வளந்தவங்க, பெரியப்பா பெரியம்மா ரெண்டு பேரும் பால்மரம் வெட்டுனவங்க, அதாவது ரப்பர் மரத்தக் கீறி பால் எடுக்குற வேல. அப்போ இருந்த விதிப்படி ரோட்டரி உறுப்பினரோட பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ அது கிடையாது, அதனாலதான் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஒரு வழி இருந்துச்சுன்னு அக்கா சொல்லுவாங்க. படிக்கிறது ஒரு பக்கம், இன்னொரு பக்கம் அந்த வட்டாரத்து ரோட்டரி கிளப்புகளுக்குப் போயி பேசணும், அதுதான் தூதர் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்துல, தட்டுல கரண்டி சத்தத்துக்கு நடுவுல, வயசானவங்க முன்னால இருபது நிமிஷம். மொதல்ல எல்லாம் கோலாலம்பூர் ரெட்டைக் கோபுரம் படம், கடற்கரை படம்னு ஸ்லைடு போட்டுக் காட்டுனாங்களாம், எல்லாரும் மரியாதையா கை தட்டிட்டு கோப்பி குடிக்கப் போயிட்டாங்களாம். ஒரு சின்ன ஊர்ல பாத்தா முக்கால்வாசிப் பேரு மாட்டுப்பண்ணை வச்சிருக்குறவங்க. அன்னிக்கு அக்கா பையில இருந்து ஒரு மங்கு எடுத்து மேசையில வச்சாங்க, மரத்துல கட்டி பால் பிடிக்கிற மங்கு, அடியில ஒட்டுப்பால் காஞ்சு கறுத்துப் போயி இருக்குமே அது. எங்கம்மா விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு மரம் வெட்டப் போவாங்க, வெயில் ஏறிட்டா பால் ஓட்டம் கம்மியாயிடும், மழ பேஞ்சா அன்னிக்கு சம்பளம் போச்சுன்னு சொல்லவும், முன்னால உக்காந்திருந்த பெரியவரு, "நானும் அதே நேரத்துக்குத்தான் எந்திரிக்கிறேன், என் மாடும் காத்திருக்காது"ன்னாராம். அதுக்கப்புறம் கேள்வி மேல கேள்வி. மரத்துக்கு எத்தன வருஷம் ஆயுசு, விலைய யாரு நிர்ணயிக்கிறது, தோட்டத்த வித்துட்டா குடும்பம் எங்க போகும். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது அக்காவுக்கு தொண்ட அடச்சுக்கிச்சாம், அந்த சமயத்துலதான் அவங்க தோட்டத்தையே துண்டு போட்டுக்கிட்டு இருந்தாங்க.

இதுதான் அந்த வேலை. பிரதமர் சொல்ற பேச்ச ஒப்பிக்கிறது கிடையாது, டூரிசம் விளம்பரமும் கிடையாது.

அந்தப் பழைய அம்பாசடோரியல் ஸ்காலர்ஷிப் 2013-வாக்குல நின்னு போச்சு, இன்னமும் அந்தப் பேரச் சொல்லிக்கிட்டு கிளப்புக்குப் போறவங்க இருக்காங்க, அதனால சொல்றேன். இப்போ இருக்குறது குளோபல் கிராண்ட். குறைஞ்சது 30,000 அமெரிக்க டாலர் பட்ஜெட், மாஸ்டர்ஸ் மாதிரி மேல்படிப்புக்குத்தான், பல்கலைக்கழகத்துல இடம் கிடைச்ச கடிதம் கையில இருக்கணும். படிப்பு அவங்க சொல்ற ஏழு துறைக்குள்ள வரணும், அமைதி, நோய்த் தடுப்பு, தண்ணி, தாய் சேய் நலம், அடிப்படைக் கல்வி, உள்ளூர்ப் பொருளாதாரம், 2021-லேருந்து சுற்றுச்சூழலும். எம்பிஏ படிக்கப் போறேன்னு மட்டும் போயி நின்னா வேலைக்காகாது. நம்ம பினாங்கு கிளப்புகள் 3300-ன்னு ஒரு டிஸ்ட்ரிக்டுக்குள்ள வருது, அங்கேருந்துதான் பேச ஆரம்பிக்கணும், போற நாட்டுல ஒரு கிளப்பும் பொறுப்பு எடுக்கணும். இது போக பீஸ் ஃபெலோஷிப்னு ஒண்ணு, 2002-லேருந்து இருக்கு, உப்சாலா, பிராட்ஃபோர்டு, டோக்கியோவுல ஐசியுங்குற சர்வதேச கிறிஸ்தவப் பல்கலைக்கழகம், பிரிஸ்பேன்ல குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம்னு போகலாம், ஆனா வேலை அனுபவம் கேப்பாங்க.

பிரிட்டன் காசுல செவனிங், ஒரு வருஷ மாஸ்டர்ஸ், 2,800 மணி நேரம் வேலை செஞ்ச அனுபவம் வேணும், பார்ட் டைமும் தொண்டும் சேத்தே எண்ணிக்கலாம், இது நெறைய பேருக்குத் தெரியல. ஃபுல்பிரைட்டுக்கு கோலாலம்பூர்ல இருக்குற மாசீ, அதாவது மலேசிய-அமெரிக்க கல்விப் பரிமாற்ற ஆபீஸ். மெக்ஸ்டுங்குற ஜப்பான் அரசாங்க ஸ்காலர்ஷிப்புக்கு ஜப்பான் தூதரகம். பள்ளிப் பிள்ளைங்களுக்கு யெஸ்னு ஒரு திட்டம், செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு 2002-ல அமெரிக்கா ஆரம்பிச்சது, முஸ்லிம்கள் அதிகம் இருக்குற நாடுகளுக்குன்னு, ஆனா அந்த நாட்டுல இருக்குற எந்த மதத்துப் பிள்ளையும் போடலாம். அமெரிக்கக் குடும்பத்தோட ஒரு பள்ளி வருஷம் தங்கணும். இதெல்லாம் அந்தந்த அரசாங்கத்து பட்ஜெட்ட நம்பி இருக்குறது, அதனால போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையன் போனான்னு நம்பி உக்காராம அந்தந்த வருஷ அறிவிப்ப பாத்துக்குங்க.

இப்போ கட்டுரை. இங்கதான் எனக்கு ரத்தக் கொதிப்பு வரும். எங்க பக்கத்து புளோக்குல ஒரு பொண்ணு, சுற்றுச்சூழல் படிச்சிட்டு பிறை ஃபேக்டரி ஒண்ணுல வேல பாக்குது, நல்ல புத்திசாலி. மாமாக் சாப்பாட்டுக் கடையில உக்காந்து அதோட கட்டுரைய வாசிச்சேன். மொத வரி, மலேசியா பல இன மக்கள் ஒற்றுமையா வாழும் அழகிய நாடு. ரெண்டாவது வரி நாசி லெமாக். மூணாவது வரியில ரெட்டைக் கோபுரம் வந்துடுச்சு. இதையே இன்னும் எத்தன பேரு எழுதியிருப்பாங்கன்னு அந்த நேர்காணல் குழுவுல இருக்குறவங்கள நெனச்சாவே பாவமா இருக்கு.

சரி, பேப்பர கவுத்து வை, தைப்பூசத்துக்கு என்ன பண்ணுவேன்னு கேட்டேன். "தண்ணீர்ப் பந்தல்ல நிப்பேன்க்கா"ன்னுச்சு. எத்தன வருஷமா? சின்னப் பிள்ளையிலேருந்து. அப்புறம் தானா பேசுது. வெள்ளித் தேரு பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டுலேருந்து கெளம்பி தண்ணீர்மலை ரோட்டுக்குப் போற வரைக்கும் வழி நெடுக சீனக் கடைக்காரங்க தேங்கா குவிச்சு வச்சிருப்பாங்க, நம்ம ஆளுங்கள விட அவங்க ஒடைக்கிறதுதான் அதிகம், தேர் போனதும் ஓட்ட அள்ள வண்டி வரும். பந்தல்ல பிளாஸ்டிக் கப்பு மலையா குவியுதுன்னு இந்தப் பொண்ணு பந்தல்காரங்ககிட்ட சண்ட போட்டிருக்கு. மொத வருஷம் பெருசுங்க விரட்டி விட்டிருக்காங்க, அடுத்த வருஷம் ஒரே ஒரு பந்தல்ல எவர்சில்வர் டம்ளரு, கழுவி அடுக்க பசங்க, சோப்புத் தண்ணி வாளி, எல்லாம் இந்தப் பொண்ணே ஏற்பாடு பண்ணியிருக்கு. எந்த டம்ளரு காணாப் போச்சுன்னு கணக்கு நோட்டு வேற. இத ஏம்மா எழுதலன்னு கேட்டா, "இது கோயில் வேலதானேக்கா, இதெல்லாம் கேப்பாங்களா"ங்குது. சுற்றுச்சூழல், ஆளத் தெரட்டுறது, எதிர்த்து நிக்கிறவங்கள சமாதானப்படுத்துறது, அந்த ஃபார்ம்ல கேக்குறது பூராவும் அதுலயே இருக்கு. நம்ம பிள்ளைங்க தேவாரப் போட்டி, தமிழ்ப்பள்ளி டியூஷன், தோட்டத்துக் கோயில் திருவிழா கணக்குன்னு எல்லாத்தையும் வீட்டுலயே கழட்டி வச்சிட்டு, யாரோ எழுதுன மாதிரி ஒரு ஆளா நேர்காணலுக்குப் போகுதுங்க.

அடுத்தது, நேர்காணல்ல கண்டிப்பா வர்ற கேள்வி, நேரா வராது, சுத்தி வளைச்சு வரும்: உங்க நாட்டுல சிறுபான்மையினரோட நெலமை எப்படி? சில பேரு எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு பூசி மெழுகிடுவாங்க, சில பேரு கோட்டா, மெட்ரிக்னு ஆரம்பிச்சு நேரம் முடியற வரைக்கும் பொலம்பிட்டு வருவாங்க. ரெண்டும் உதவாது. நீங்க கண்ணால பாத்ததச் சொல்லுங்க, எது கிடைச்சுது, எது கிடைக்கல, கிடைக்காதப்போ என்ன பண்ணீங்க, யாரு உதவுனாங்க. உண்மையச் சொன்னா நாட்டக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகாதான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. ஆகாது. தூதர்னா அரசாங்கப் பேச்சாளர் இல்ல. வெளிநாட்டுல எப்படியும் "இந்தியாவுல எந்த ஊரு"ன்னு கேப்பாங்க, நாலு தலைமுறையா பினாங்குன்னு சொன்னதும் எப்படின்னு கேப்பாங்க, அங்கேருந்து கப்பல், ரப்பர், தோட்டம்னு எல்லாக் கதையும் வந்துதான் ஆகும். அதச் சொல்லத் தெரியாதவங்க அங்க போயி முழிக்கிறத விட இங்கயே பழகிட்டுப் போறது மேல்.

திரும்பி வர்ற விஷயமும் வீட்டுல மொதல்லயே பேசிடுங்க. செவனிங்ல முடிச்சதும் ரெண்டு வருஷம் சொந்த நாட்டுக்கு வந்துடணும். ஃபுல்பிரைட்டுல போற ஜே-1ங்குற அமெரிக்கப் பரிமாற்ற விசாவுலயும் ரெண்டு வருஷம் ஊர்ல இருந்துட்டுத்தான் கிரீன் கார்டு எல்லாம் நெனச்சுப் பாக்கலாம். போயி செட்டில் ஆயிடலாம்னு கணக்குப் போடுறவங்களுக்கு இது ஏத்த வழி இல்ல. என்னக் கேட்டா இந்த விதி நியாயமானதுதான், ஆனா திரும்பி வந்தவங்களுக்கு இங்க என்ன வேல காத்திருக்குங்குறது தனிப் பஞ்சாயத்து, அதுக்கு இன்னொரு நாள்.

காசு விஷயம். ஃபீஸு, விமான டிக்கெட்டு, சாப்பாட்டு செலவுன்னு முழு ஸ்காலர்ஷிப்புல வந்துடும், ஆனா கிடைக்கிறதுக்கு முன்னாடி ஆகுற செலவு நம்ம கையிலேருந்து. ஐஎல்ட்ஸ் இங்கிலீஷ் பரீட்சைக்கு கட்டணும், பாஸ்போர்ட்டு 200 வெள்ளி (ரிங்கிட்), சில இடத்துக்கு மெடிக்கல் செக்கப். முடிஞ்சா ஒரு வருஷம் முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வைங்க. இதுல ஒண்ணு, நான் மேல சொன்ன ஸ்காலர்ஷிப் எதுக்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. வாங்கித் தர்றேன், ஆயிரம் வெள்ளி டெபாசிட் குடுன்னு யாராவது வாட்சாப்புல வந்தா பிளாக் பண்ணிட்டுப் போய்க்கிட்டே இருங்க.

பரிந்துரைக் கடிதத்துக்கு மட்டும் கடைசி வாரத்துல ஓடாதீங்க லா. லெக்சரருக்கு உங்கள மாதிரி நூறு பேரு, உங்க மூஞ்சி ஞாபகம் இருந்தா பெரிய விஷயம். என்ன பண்ணீங்கன்னு ஒரு பக்கத்துல எழுதி, தேதியோட, கூடவே குடுத்துடுங்க. பீஸ் ஃபெலோஷிப்புக்கு கடைசி நாள் மே 15, நோன்புப் பெருநாள் லீவு எந்த மாசம் வருதுன்னு காலண்டர பாத்துட்டு அதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல போயி நில்லுங்க, லீவு ஆரம்பிச்சா அங்க காவலுக்கு இருக்குற ஜாகா தவிர ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.