எம்ஜிபி காரில் டர்போ ரோட்டரி எஞ்சின்: இதுவரை முடிந்த வேலை

எஞ்சின் காருக்குள் உட்கார்ந்துவிட்டது. ஸ்டார்ட் ஆகி ஓடுகிறது. காரையும் சாலையில் ஓட்டிப் பார்த்தாயிற்று. பூஸ்ட்டை (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தத்தை) மட்டும் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் செய்ததையெல்லாம் எழுதிவைக்கிறேன்.

கார் 1969ஆம் ஆண்டின் எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், வலப்பக்க ஸ்டீரிங். எஞ்சின் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 டர்போவிலிருந்து எடுத்த 13பி, 1989 முதல் 1991 வரை வந்த வகை. பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி எஞ்சின் இது. எம்ஜிபியின் சொந்த எஞ்சின் 1798 சிசி பி-சீரிஸ்: நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், 95 குதிரைத்திறன். நல்ல எஞ்சின்தான். குறைந்த வேகத்திலும் அலுக்காமல் இழுக்கும், பழுது பார்ப்பதும் சுலபம். ஆனால் என் காரில் இருந்ததன் பிளாக்கில் விரிசல் விழுந்திருந்தது. எப்படியும் வேறு எஞ்சின் வேண்டும் என்றான பிறகுதான் ரோட்டரி பற்றிய யோசனை வந்தது.

எம்ஜிபிக்குள் பெரிய எஞ்சின் வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ரோவர் வி8 பக்கம்தான் போவார்கள். தொழிற்சாலையே 1973 முதல் 1976 வரை அந்த 3.5 லிட்டர் அலுமினிய எஞ்சினை வைத்து எம்ஜிபி ஜிடி வி8 காரைத் தயாரித்தது. பாதை தெரிந்த வேலை, பாகங்களும் கிடைக்கும். நான் ரோட்டரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் நீளம். 13பி எஞ்சினில் இரண்டு ரோட்டர்கள்தான், ஒவ்வொன்றின் அகலமும் 80 மிமீ. ரோட்டரின் மையவிலகல் 15 மிமீ, மையத்திலிருந்து முனை வரை 105 மிமீ. இவற்றோடு அகலத்தையும் 3√3 என்ற எண்ணையும் பெருக்கினால் 654 சிசி வரும். இரண்டுக்கும் சேர்த்து 1308. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி. இவ்வளவு நீளம் குறைந்த எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கலாம். எம்ஜிபியின் அழகே அதன் ஸ்டீரிங் கையில் தரும் உணர்வுதான். மூக்கு கனத்தால் அது போய்விடும்.

1967 இறுதிக்குப் பிந்தைய எம்ஜிபி என்பதில் சில வசதிகள் உண்டு. முழுக்க சின்க்ரோமெஷ் உள்ள புது கியர்பாக்ஸுக்காகவும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்காகவும் நடு டன்னலை அப்போதே அகலமாக்கிவிட்டார்கள். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், எர்த்தும் நெகட்டிவ். பாசிட்டிவ் எர்த் உள்ள பழைய காராக இருந்தால் இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) வைக்கும் முன் வயரிங்கையே தலைகீழாக்க வேண்டியிருக்கும்.

எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புது சீல்கள் போட்டுத்தான் பூட்டினேன். ரோட்டரியில் இந்தக் கட்டத்தைத் தவிர்க்கவே கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஏபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனைகளில் இருக்கும் சீல்) எப்படி இருக்கிறது என்று தெரியாது. சாதாரண கம்ப்ரஷன் கேஜும் போதாது. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகங்கள், மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் கருவி வேண்டும். பூட்டும்போது சீல்களை அதனதன் இடத்தில் பிடித்து வைக்க வாஸ்லின் தடவுவது வழக்கம். எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டின் (ரோட்டர்கள் சுழற்றும் மையத் தண்டின்) முன்பின் அசைவை 0.04 முதல் 0.07 மிமீக்குள் கொண்டுவர வேண்டும். பொறுமை தேவைப்பட்ட இடம் அதுதான். பின்பக்க ஃப்ளைவீல் நட்டு 54 மிமீ. அதைக் கழற்றவும் பூட்டவும் நீளமான கைப்பிடியும் ஃப்ளைவீலைப் பிடித்து நிறுத்த ஒரு பட்டையும் இல்லாமல் முடியாது.

இங்கே எடுத்த ஒரு முடிவு பின்னால் பல விதத்தில் கைகொடுத்தது. 1984-85 ஆர்எக்ஸ்-7இல் வந்த 13பி எஞ்சினின் முன்கவரை இந்த எஞ்சினுக்குப் போட்டேன். அந்தக் காரில் எஞ்சின் மவுண்ட் முன்கவரிலேயே இருக்கும். எம்ஜிபியின் குறுக்கு மெம்பருக்குச் சற்றுப் பின்னால், சேசிஸ் ரெயில்களின் மேல் இரண்டு பிராக்கெட் வெல்டு செய்து உட்கார வைக்க அது சரியாக அமைந்தது. இன்னொரு பயனும் உண்டு. ரோட்டரியில் ஏபெக்ஸ் சீல்களுக்கு எண்ணெய் கொடுக்க ஒரு மீட்டரிங் பம்ப் உண்டு. வேண்டுமென்றே கொஞ்சம் எண்ணெயை எரிக்கும் எஞ்சின் இது. 1989க்குப் பிறகு வந்த டர்போ எஞ்சினில் அந்தப் பம்ப்பைக் கம்பெனி இசியூதான் மின்சாரத்தில் இயக்கும். வேறு இசியூ வைத்தால் அதோடு ஒத்துப்போகச் செய்வது பெரும்பாடு. பழைய முன்கவரில் இருக்கும் பம்ப்போ மெக்கானிக்கல், திராட்டிலோடு ஒரு கம்பி இணைத்தால் போதும். பலர் பம்ப்பையே எடுத்துவிட்டு பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஓட்டுகிறார்கள். அதில் தவறில்லை. எனக்குப் பம்ப் இருப்பதுதான் நிம்மதி. வழியில் எங்கே பெட்ரோல் போட்டாலும் கவலை இல்லை.

உட்கார வைத்ததில் பெரிய சிக்கல் உயரம்தான். ரோட்டரியில் ஷாஃப்ட் எஞ்சினின் நடு உயரத்தில் இருக்கிறது, அதற்குக் கீழே பாதி ஹவுசிங்கும் எண்ணெய்த் தொட்டியும். தொட்டி தரையில் இடிக்காமல் தூக்கி வைத்தால் கியர்பாக்ஸும் சேர்ந்து டன்னலுக்குள் மேலே ஏறிவிடுகிறது. ஆர்எக்ஸ்-7 டர்போவின் கியர்பாக்ஸ் பருமனானது, டர்போ இல்லாத மாடலில் வரும் பெட்டியைவிட வலுவானது. அதையே வைத்தேன். டன்னலின் மேல்தகட்டைக் கொஞ்ச தூரம் வெட்டி, உயர்த்தி, புதுத் தகடு வைத்து வெல்டு செய்தாயிற்று. கியர் லீவர் பழைய துளைக்குச் சற்றுப் பின்னால் வந்திருக்கிறது. கைக்கு அதுவே வசதி.

பின் அச்சை மாற்றவில்லை. எம்ஜிபியின் விகிதம் 3.909, ஆர்எக்ஸ்-7 டர்போவின் விகிதம் 4.1. இரண்டும் பக்கம் பக்கமாகவே இருப்பதால் கியர்கள் இயல்பாகப் பொருந்துகின்றன. முறுக்குவிசைதான் 149 நியூட்டன் மீட்டரிலிருந்து 266க்கு ஏறுகிறது. லீஃப் ஸ்பிரிங் மட்டும் பிடித்திருக்கும் அச்சு அதில் முறுக்கிக்கொண்டு துள்ளும். அதைத் தடுக்க இருபக்கமும் ஒவ்வொரு பட்டைக்கம்பி போட்டிருக்கிறேன். கம்பிச் சக்கரங்களை எடுத்துவிட்டு போல்ட் சக்கரத்துக்கு மாறினேன். ஸ்ப்லைன் தேய்மானத்தை இந்த விசையில் நம்பி ஓட்ட மனமில்லை.

இனி வெப்பம். இந்த வேலையில் இறங்குவோர் மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். எஞ்சினைப் பொருத்துவது தச்சு வேலை மாதிரி: அளந்து, வெட்டி, சேர்த்தால் முடிந்தது. அந்த எஞ்சின் கக்கும் சூட்டை இவ்வளவு சிறிய பானெட்டுக்குள்ளிருந்து வெளியேற்றுவது அப்படி முடிகிற காரியம் இல்லை.

ரோட்டரியின் எரியறை நீண்டு தட்டையாக இருப்பதால் பெட்ரோல் எரிந்து முடியும் முன்பே எக்ஸாஸ்ட் துளை திறந்துவிடுகிறது. முழுச் சுமையில் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எக்ஸாஸ்ட் துளை இருக்கும் பக்கமே டர்போ, அந்தப் பக்கமே இன்டேக், இரண்டும் எஞ்சினின் வலப்பக்கம். என் காரில் ஸ்டீரிங் தண்டும் வலப்பக்கம், பிரேக், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்கள் இரண்டும் வலப்பக்கம். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரைக்குப் போய்விடும். அதனால் டர்போவின் டர்பைன் ஹவுசிங்குக்குத் தடித்த போர்வை, டவுன்பைப்புக்கு வெப்பநாடா, மாஸ்டர் சிலிண்டர்களுக்கும் டர்போவுக்கும் நடுவே இரண்டு அடுக்குத் தகடு என்று வைத்தேன். அடுக்குகளுக்கு இடையே காற்று ஓட இடைவெளி விட்டிருக்கிறேன். ஒற்றைத் தகடு தானே சூடாகி மறுபக்கம் அனல் வீசும். இடைவெளி இருந்தால்தான் அது தடுப்பு.

தண்ணீர்ப் பக்கம் இன்னும் கவனம் தேவை. 13பி எஞ்சினில் அலுமினிய ரோட்டர் ஹவுசிங்குகளும் வார்ப்பிரும்புப் பக்கத் தகடுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு, நீண்ட போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு உலோகமும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒருமுறை அதிகமாகச் சூடேறினாலே இடையில் இருக்கும் ரப்பர் வாட்டர் சீல் கெட்டுவிடும், பிறகு எஞ்சினை மறுபடி முழுதாகப் பிரிக்க வேண்டியதுதான். 1969 எம்ஜிபியில் ரேடியேட்டர் எஞ்சினை ஒட்டிப் பின்தள்ளி நிற்கும். 1977 மாடலில் அதை முன்னால் கொண்டுபோய் மின்விசிறி வைத்தார்கள். நானும் அதேபோல் குறுக்குத் தகட்டை வெட்டி ரேடியேட்டரை முன்னே நகர்த்தினேன். தடித்த அலுமினிய ரேடியேட்டர், பின்னால் இரண்டு மின்விசிறி, முன்னால் டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். சுற்றிலும் இருந்த இடைவெளிகளைத் தகட்டால் அடைத்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. காற்று எப்போதும் சுலபமான வழியில் சுற்றிப்போகப் பார்க்கும், அந்த வழிகளை மூடினால்தான் ரேடியேட்டருக்குள் நுழையும்.

எண்ணெய்க்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ரோட்டர்களை உள்ளிருந்து குளிரவைப்பதே எண்ணெய்தான். ஷாஃப்ட்டில் இருக்கும் ஜெட்கள் ரோட்டருக்குள் பீய்ச்சுகின்றன. ஆகவே ரோட்டரியில் ஆயில் கூலரை ஒரு கூடுதல் வசதி என்று எண்ணக் கூடாது, அது இரண்டாவது ரேடியேட்டர். ஆர்எக்ஸ்-7இன் சொந்த ஆயில் கூலரையே பம்பருக்குக் கீழே, வேலன்ஸின் (முன்பக்கக் கீழ்த் தகட்டின்) பின்புறம், தனிக் காற்றுவழியோடு மாட்டியிருக்கிறேன். உள்ளே வரும் காற்று வெளியே போகவும் வழி வேண்டும். பானெட்டை வெட்ட மனம் வரவில்லை. அதனால் இரண்டு பக்கமும் உள்விங்கில் துளை வெட்டி, சூடான காற்று சக்கர வளைவுக்குள் இறங்கும்படி செய்தேன்.

பெட்ரோல் வழி பற்றிச் சுருக்கமாக. எம்ஜிபியின் எஸ்யூ பம்ப் கார்புரேட்டருக்கான சிறிய அழுத்தத்தையே தரும். இங்கே 550 சிசி இன்ஜெக்டர்கள் நான்கு, அவற்றுக்கு இரண்டரை பாருக்கு மேல் வேண்டும். பழைய டாங்கை அப்படியே விட்டு, திருப்பங்களில் பெட்ரோல் விலகினாலும் பம்ப்புக்குக் காற்று போகாதபடி ஒரு சிறிய சர்ஜ் டாங்க் வைத்தேன். திரும்பும் குழாயும் புதிது.

வயரிங்கில் என்னை மகிழ்வித்த ஒரு விஷயம்: டாஷ்போர்டில் இருக்கும் ஸ்மித்ஸ் டாக்கோமீட்டர் அப்படியே வேலை செய்கிறது. இரண்டு ரோட்டர்களும் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை எரிகின்றன. அதாவது சுற்றுக்கு இரண்டு, நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கும் அதே கணக்குதான். முள் மட்டும் 7000க்கு மேல் போக இடமில்லை. ஒவ்வொரு ரோட்டருக்கும் லீடிங், டிரெய்லிங் என இரண்டு பிளக்குகள், இரண்டுக்கும் தனி டைமிங். பூஸ்ட் ஏறும்போது இரண்டுக்கும் உள்ள இடைவெளியை மிகவும் எச்சரிக்கையாக வைத்திருக்கிறேன். பிஸ்டன் எஞ்சின் சில டெட்டனேஷனை (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பதை) தாங்கும். இங்கே ஒன்றே ஏபெக்ஸ் சீலை உடைக்கப் போதும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், இன்ஜெக்டர்களைத் துண்டித்துவிட்டு ஆயில் பிரஷர் முள் எழும் வரை சுழற்றினேன். அப்புறம் இணைத்ததும் கொஞ்சம் தயங்கி எரிந்தது. வாஸ்லின் எரிந்து தீரும் வரை கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. புகை அடங்கியதும் வந்த அந்தச் சத்தம், பிஸ்டனின் தடதடப்பே இல்லாமல் சீராக ஏறும் ரீங்காரம், இதற்காகவே இந்த வேலையில் இறங்கலாம் என்று தோன்றியது.

சாலையில் முதலில் கவனித்தது ஸ்டீரிங்கைத்தான். இன்டர்கூலரும் பெரிய ரேடியேட்டரும் சேர்ந்த பிறகும் முன்பக்கம் கனத்ததாகத் தெரியவில்லை. திருப்பத்தில் மூக்கு முன்பைவிட மனமுவந்து திரும்புகிறது. 3000க்குக் கீழே எஞ்சின் சோம்பல்தான், பி-சீரிஸின் அந்த அடிவேக இழுவை இதில் கிடையாது. அதற்கு மேலே டர்போ சுழலத் தொடங்கியதும் கார் வேறு காராகிவிடுகிறது.

பூஸ்ட்டை அரை பாரில் நிறுத்தப் பார்த்தேன், ஆனால் உயர்கியரில் மிதித்தால் முள் தானாக மேலே நகர்ந்தது. இந்த டர்போவோடு தாராளமான எக்ஸாஸ்ட் வைத்தால் இப்படி ஆகும் என்பது ரோட்டரிக்காரர்களுக்குப் பழகிய செய்தி. உள்ளே இருக்கும் வேஸ்ட்கேட்டின் (புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பும் வால்வின்) துளை சிறியது, வரும் புகை முழுவதையும் அதால் திருப்பிவிட முடியாது. டர்போவை இறக்கி அந்தத் துளையைப் பெரிதாக்கி, மூடும் தகட்டையும் பெரிதாக்கியாயிற்று. இப்போது அரை பாரிலேயே நிற்கிறது.

அடுத்தது பிரேக். இப்போது இருக்கும் முன் டிஸ்க்கும் காலிப்பரும் 95 குதிரைத்திறனுக்கானவை. ஜிடி வி8இல் வந்த தடித்த டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் வாங்கி வைத்திருக்கிறேன், அவற்றை மாட்டிச் சோதிக்கும் வரை பூஸ்ட்டை ஏற்றப்போவதில்லை. புது சீல்கள் படிய முதல் ஆயிரம் மைலும் மெதுவாகத்தான். அந்த இடைவெளியில் கோடை வெயிலில், நெரிசலில் நின்று நகரும்போது தண்ணீர், எண்ணெய் வெப்பநிலைகளைப் பதிவு செய்து பார்க்க வேண்டும். உள்விங் துளைகள் போதுமா, பானெட்டிலும் வெட்ட வேண்டுமா என்பதை அந்த எண்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.