மேல்வாரம், குடிவாரம், ஓர் அணில்

கலிபோர்னியாவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். தமிழுக்கு ஆள் தேவைப்படுவது அபூர்வம். கூப்பிட்டால் பெரும்பாலும் குடும்ப வழக்கு, இல்லாவிட்டால் வாகன விபத்து. அதனால் தேசியப் பூங்கா ஒன்றில் அணிலுக்கு வேர்க்கடலை போட்ட வழக்கு என்று சொன்னபோது சிரித்துவிட்டேன். (நடந்தது திறந்த நீதிமன்றத்தில்தான். என்றாலும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பெரியவர் மகன் வீட்டுக்கு வந்திருந்தவர். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். பூங்காக்களில் விலங்குகளுக்குத் தீனி போடுவது மத்திய அரசின் விதிப்படி குற்றம். ரேஞ்சர் சீட்டு எழுதிவிட்டார். அபராதத்தையும் அதோடு சேரும் 30 டாலர் கட்டணத்தையும் இணையத்தில் கட்டினால் முடிந்தது. மகன் தயாராகத்தான் இருந்தார், பெரியவர் விடவில்லை. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர் கட்சி. தவிர, வழக்கின் தலைப்பு அவரை உலுக்கியிருந்தது. மாநில நீதிமன்றமாக இருந்தால் 'கலிபோர்னியா மாநில மக்கள் எதிர் இன்னார்' என்றிருக்கும். இது மத்திய நீதிமன்றம். 'அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர்' என்று போட்டு, அடுத்து அவர் பெயர். நான் வாசித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு பிடி கடலைக்கா?" என்று முணுமுணுத்தார். அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். காதில் விழுவதை விழுங்கக் கூடாது என்பது தொழில் விதி.

பிறகு கேட்டார்: "நான் நின்ற இடம் கலிபோர்னியா. அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது?"

நீதிபதி பொறுமைசாலி. நிலம் மத்திய அரசுடையது. ஆனால் நிலம் சொந்தமாக இருப்பது வேறு, அங்கே சட்டம் செலுத்தும் அதிகாரம் வேறு என்று தொடங்கினார். சில பூங்காக்களில் மாநிலம் அதிகாரத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. சிலவற்றில் மத்திய அரசு வெறும் நிலச் சொந்தக்காரர். இந்தப் பூங்காவில் இரண்டு அரசுகளுக்கும்... அங்கே நான் மாட்டிக்கொண்டேன். "உடனிகழ் அதிகார வரம்பு" என்றேன். அகராதிச் சொல். பெரியவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"மொழிபெயர்ப்பாளர் தன்னைத் திருத்திக்கொள்ள அனுமதி கோருகிறார்" என்று கேட்டுக்கொண்டு (எங்களைப் பற்றி நாங்களே படர்க்கையில்தான் பேச வேண்டும்), "பொதுப்பட்டியல் போல, இருவருக்கும் உள்ள அதிகாரம்" என்றேன். சட்டென்று தலையாட்டினார். கல்வியும் காடும் 1976இல் ஒரே திருத்தத்தில் பொதுப்பட்டியலுக்குப் போன கதை தெரியாத அரசு ஊழியர் தமிழ்நாட்டில் உண்டா? ஆனால் அந்த 'போல' என் சரக்கு, சொல்லியிருக்கக் கூடாது. உவமை சரியாகப் பொருந்தவும் இல்லை. பொதுப்பட்டியல் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். இங்கே பூங்காவுக்குப் பூங்கா ஏற்பாடு வேறு.

மத்தியச் சட்டத்தில் இல்லாத குற்றத்துக்கு மாநிலச் சட்டத்தையே கடன் வாங்கித் தண்டிக்கலாம் என்றார் நீதிபதி. கடன் வாங்காத இடமும் உண்டு: 2016 வாக்கெடுப்பில் கலிபோர்னியா அனுமதித்த கஞ்சா, பூங்கா வாசலைத் தாண்டியதும் குற்றமாகிவிடுகிறது. பிறகு கலிபோர்னியாவின் யோசெமிட்டி பூங்காவை உதாரணம் காட்டினார். 1919இல் மாநிலம் அதிகாரத்தை எழுதிக்கொடுத்தது. 1920இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஏற்றது. ஆனால் வரி விதிக்கும் உரிமையையும் மீன்பிடி உரிமத்தையும் மாநிலம் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. 1938இல் உச்ச நீதிமன்றம், அங்கே விற்கும் மதுவுக்கு மாநிலம் வரி வாங்கலாம், விற்பதற்கு உரிமம் எடு என்று கட்டாயப்படுத்த முடியாது என்றது. இன்றும் அங்கே தூண்டில் போட மாநில உரிமம் வேண்டும். எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் அது செல்லாது, பூங்காவின் சீட்டுதான் வேண்டும். இது நீதிபதி சொன்னதல்ல, நானாக அறிந்தது.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "புரிந்துவிட்டது ஐயா. மேல்வாரம், குடிவாரம்."

பழைய இனாம் பதிவேடுகளில் புழங்கியவர். ஒரே நிலத்தில் இனாமாக நிலம் பெற்ற இனாம்தாரருக்கு ஓர் உரிமை, அது மேல்வாரம்; உழுபவருக்கு ஓர் உரிமை, அது குடிவாரம். நீதிபதி அரை மணி நேரம் சொன்னதை இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். எனக்குத்தான் ஆங்கிலம் வரவில்லை. 'மேல் பங்கு, கீழ்ப் பங்கு' என்று பெயர்த்தேன். மாடி வீட்டு வாடகைக் கணக்கு போல ஒலித்தது. நீதிபதி புருவத்தை உயர்த்தினார். மறுபடி படர்க்கையில் மன்னிப்புக் கேட்டு, தமிழ்ச் சொற்களை அப்படியே சொன்னேன்.

எழுத்தர் பதிவுக்காக எழுத்துக்கூட்டச் சொன்னார். "எம்" என்று ஆரம்பித்தேன். பெரியவர் எட்டிப் பார்த்து, சரியாக எழுதுகிறாரா என்று கவனித்துக்கொண்டிருந்தார்.