சுவாமி மலையை 15 கலருக்குள்ள அடக்கப் பாத்த கதை

குரோனோ ட்ரிக்கர் 1995 இல வந்த கேம், ஒரு காலத்தில இருந்து இன்னொரு காலத்துக்குத் தாவிப் போற கதை. எனக்குக் கிடைச்சது கிட்டத்தட்ட பத்து வருசம் பிந்தி, பெரியம்மா வீட்டு அண்ணாவின்ட கொம்பியூட்டரில, பழைய கேம் மெசின் மாதிரி நடிக்கிற எமுலேட்டர் எண்ட புரோகிராமில. அப்ப இங்கிலீஷ் அரைவாசி விளங்காது, கதை என்ன எண்டு அண்ணா பக்கத்தில இருந்து சொன்னாத்தான் உண்டு, ஆனா கலர் மட்டும் மண்டைக்குள்ள அப்பிடியே நிண்டுட்டுது. ரெண்டு மாசத்துக்கு முந்தி திரும்ப விளையாடத் தொடங்கினன், மூண்டாம் நாளே விளையாட்டை விட்டுட்டு ஸ்கிரீன்சொட் எடுக்கத் தொடங்கிட்டன். அப்பிடியே விசர் பிடிச்சு, எங்கட திருகோணமலையில கோணேசர் கோயில் நிக்கிற சுவாமி மலையை இந்த மாதிரிக் கீறினா என்ன எண்டு வெளிக்கிட்டதுதான் இது.

முதல்ல மாட்டினது கேம் தொடங்கிற இடம். மணி அடிக்கும், பெடியன் படுத்துக் கிடப்பான், தாய் வந்து திரைச்சீலையை இழுத்து விடுவா, வெளிச்சம் அறைக்குள்ள விழும். அவ்வளவுதான். அதை நிப்பாட்டி எட்டு மடங்கு பெருப்பிச்சுப் பாத்துக்கொண்டு ஒரு இரவு முழுக்க இருந்தன். நிழல் எண்டா நான் இவ்வளவு நாளும் கறுப்பை எடுத்து மேல பூசிறனான். இவங்கள் அப்பிடிச் செய்யேல்ல, பலகையின்ட மண்ணிறத்தையே இருட்டாக்கி விட்டிருக்கிறாங்கள், அதால நிழலுக்குள்ளயும் அது பலகையாத்தான் இருக்கு.

இந்த கேமின்ட படம் எண்டாலே எல்லாரும் அகிரா தொரியாமா எண்டுதான் சொல்லுவாங்கள். ஆக்களை டிசைன் பண்ணினது அவர்தான், சரி, குறை சொல்ல ஒண்டுமில்ல. ஆனா நாங்கள் மணித்தியாலக்கணக்காப் பாத்துக்கொண்டு இருக்கிற காடு, பாலம், கோட்டை எல்லாம் வேற ஆக்கள். கிராபிக்ஸ் டைரக்டரா இருந்தவர் தெத்சுயா தகாஹாஷி, பேந்து 1998 இல ஸெனோகியர்ஸ் எண்ட கேம் செய்தாரே அவர்தான். இடங்களைக் கீறின ஆக்களுக்குள்ள தெத்சுயா நொமுரா, யூசுகே நவோரா எண்டு பேர் கிடக்கு, ரெண்டு வருசம் கழிச்சு பைனல் பான்டஸி 7 இன்ட முகத்தையே தீர்மானிச்ச ஆக்கள். யசுஹிகோ கமாதா எண்ட இன்னொருத்தர், சீக்ரெட் ஒப் மானா எண்ட கேமின்ட பளிச்செண்ட வெளிச்சத்துக்கும் பைனல் பான்டஸி வரிசையின்ட அடக்கமான வெளிச்சத்துக்கும் நடுவில நிக்கிற மாதிரிக் கலர் வைச்சிருக்கிறார். அதைத் தெரிஞ்சுகொண்டு பாத்தா மெய்யாவே அந்த நடுவிலதான் நிக்குது.

சட்டம் போடாட்டி நான் ஆயிரம் கலர் பாவிச்சுக் குழப்பிப் போடுவன், அதால இந்த கேம் ஓடின சூப்பர் நின்டெண்டோ மெசினின்ட சட்டத்தையே எனக்கும் போட்டன். திரை 256க்கு 224 பிக்சல். 32,768 கலருக்குள்ள எதையும் எடுக்கலாம், ஆனா ஒரு பலெட்டில, அதாவது ஒரு கலர்த் தட்டில, 16 இடம், அதில ஒண்டு கண்ணுக்குத் தெரியாத கலர், ஆக மிச்சம் 15. பின்னணிக்கு எட்டுப் பலெட், ஆக்களுக்கு எட்டுப் பலெட். படம் முழுக்க டைல், 8க்கு 8 பிக்சல் சதுரத் துண்டுகள். டைலுக்குள்ள கலர் இல்ல, நம்பர் மட்டும்தான், 3ஆம் நம்பர், 7ஆம் நம்பர் எண்டு. அந்த நம்பருக்கு என்ன கலர் எண்டு பலெட் சொல்லும். பலெட்டை மாத்தினா கீறின கோடு ஒண்டும் அசையாமலே காலை பின்னேரமாகும், மாரி கோடையாகும்.

இதை விளங்கினாப் பிறகுதான் கேமுக்குள்ள இருந்த கெட்டித்தனம் பிடிபட்டுது. கி.பி. 1000 இலயும் கி.பி. 600 இலயும் அதே நாடு, அதே கார்டியா கோட்டை. 1000 பச்சைப்பசேல் எண்டு திருவிழா மாதிரி, 600க்குப் போனா புல்லே பழுப்படிச்ச மாதிரி. எழுத்தை வாசிக்கத் தெரியாத எனக்கே அப்ப காலம் மாறினது விளங்கினது அதாலதான்.

சரி, எங்கட மலைக்கும் மூண்டு காலம் இருக்கே. 1622 இல போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடிச்சாங்கள், அதுக்கு முந்தி ஒண்டு. இடிச்ச கல்லையும் வைச்சுக் கோட்டை கட்டின காலம் ரெண்டாவது. இப்ப பிரெட்ரிக் கோட்டை வாசலால போய் சாமான் கடையளைத் தாண்டி மேல ஏறிறமே, அது மூண்டு. மலை ஒண்டுதான், பலெட் மூண்டு.

முதல் கிழமை மலை மட்டும் கீறினன். நேர சுவர் மாதிரி நிக்கிற அந்தப் பாறையில டைலைத் திருப்பித் திருப்பி ஒட்டினா பாத்றூம் சுவர் மாதிரித் தெரியுது, பாறை பிளந்து கிடக்கிற இராவணன் வெட்டுக்கு மட்டும் தனியா 14 டைல் கீறவேண்டி வந்தது. கடலுக்குக் கடைப்பெயின்ட் நீலத்தை அடிச்சு வைச்சிருந்தன், வடிவாத்தான் இருந்தது, ஆனா எங்கட கடல் இல்ல. பேந்து காலமை ஆறு மணிக்குப் போய் மேல நிண்டு பாத்தா, பாறைக்குக் கீழ அது நீலமே இல்ல, போத்தல் பச்சை, அலை உடையிற இடத்தில மட்டும் பால் கலந்த மாதிரி. டச் பே குடாப் பக்கம் திரும்பினா வேற கலர். ஒரே கடலுக்கு ரெண்டு பலெட் போய்ட்டுது, பரவாயில்ல.

சூரியனை வட்டமாக் கீறி வைச்சிட்டு, பழைய ரீவியில தெரியிற மாதிரி 4க்கு 3 ஆ இழுத்துப் பாத்தா முட்டை. அந்தக் காலத்து ஆக்கள் ஒல்லியாக் கீறிப்போட்டு ரீவியை இழுக்க விட்டிருப்பாங்கள் போல. நானும் அப்பிடியே திருத்தினன்.

பெரிய கூத்து மான். கோட்டை வாசலில எந்த நேரமும் நிக்குமே புள்ளிமான், அது இல்லாமல் என்ன திருகோணமலை. 16க்கு 16 பிக்சலுக்குள்ள ஒரு மான். புள்ளியெல்லாம் வைச்சுக் கீறி மருமகனிட்டக் காட்டினன்.

"மாமா, இது அம்மை வந்த ஆடோ?"

எட்டு வயசு அவனுக்கு. கோவம் வந்தாலும் பாத்தா சரியாத்தான் சொல்லியிருக்கிறான். ஒம்பது புள்ளியை மூண்டாக்கினன், கழுத்தை ஒரு பிக்சல் நீட்டினன், காதை ஒரு பிக்சல் பின்னால தள்ளினன். இப்ப ஆரும் கேக்காமலே மான் எண்டு சொல்லுறாங்கள். மூண்டு புள்ளி போதும் எண்டு கண்டுபிடிக்க நாலு நாள்.

பிறகு ரெண்டாவது காலத்துக்குப் பலெட்டை மாத்தினன், கோட்டை கட்டின காலத்தை மாரியில வைப்பம் எண்டு, வாடைக்காத்து, சாம்பல் வானம், கலங்கின கடல். மாத்தி அமத்தினவுடன மானும் சாம்பலாப் போச்சுது, ஏனெண்டா இடம் மிச்சம் பிடிக்கப்போய் மானையும் காய்ஞ்ச புல்லையும் ஒரே பலெட்டில வைச்சிருந்தன். செத்த மான் மாதிரி நிக்குது. திட்டிக்கொண்டு மானுக்குத் தனிப் பலெட் குடுத்தன், அப்பத்தான் எனக்குச் சுள்ளெண்டு உறைச்சது. கேமில குரோனோ எண்ட அந்தப் பெடியன்ட சிவப்பு மயிர் எந்தக் காலத்துக்குப் போனாலும் அதே சிவப்புத்தானே! 600 இன்ட பழுப்புக்குள்ளயும் அதே சிவப்பு, 2300 இல எல்லாம் அழிஞ்சு தூசாக் கிடக்கிற நகரத்துக்குள்ளயும் அதே சிவப்பு, பனியுகத்திலயும் அதே. உலகம் கலர் மாறும், இவங்கள் மாற மாட்டாங்கள், அதாலதான் எங்க போனாலும் இவங்கள் இந்தக் காலத்து ஆக்கள் இல்ல எண்டு சொல்லாமலே தெரியுது. இவ்வளவு வருசமும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான், மான் சாம்பலாப் போகாட்டி இதைக் கவனிச்சிருக்கவே மாட்டன்.

இப்ப மூண்டு படத்திலயும் மான் ஒரே மண்ணிறத்தில நிக்குது. பழைய கோபுரத்துக்குக் கீழ நிக்குது, பீரங்கிக்குப் பக்கத்தில நிக்குது, இப்பத்தைய படத்தில ஐஸ்கிறீம் கடதாசியை மேயுது. 1600 இல அந்த இடத்தில மான் நிண்டதோ எண்டு வரலாறு படிச்ச ஆக்கள் சண்டைக்கு வராதைங்கோ, என்ட படம், நான் நிப்பாட்டினன்.

பழைய கோயிலை நான் விவரமாக் கீறேல்ல, மலை விளிம்பில கோபுரங்களை விடியக்காலை வானத்துக்கு எதிரா நிழலுருவா மட்டும் விட்டிருக்கிறன். ஆறு கலர்தான் போனது, மூண்டு படத்திலயும் எனக்குப் பிடிச்சது அதுதான்.

நாலாவது படம் ஒண்டும் தொடங்கினன், கடலுக்கடியில. கேமில வானத்தில மிதக்கிற ஸீல் எண்ட ராச்சியம் உடைஞ்சு கடலுக்குள்ள விழும், எங்கட கோயில் கல்லும் தூணும் அந்தப் பாறைக்குக் கீழ கடலுக்குள்ளதான் கிடந்தது, 1956 இல மைக் வில்சன் எண்ட சுழியோடி இறங்கிப் பாத்தவர். அதைக் கீறாமல் எப்பிடி விடுறது? தூண் சரி, மீன் சரி, ஆனா தண்ணிக்குள்ள வாற வெளிச்சம் சரிவரேல்ல. பச்சையைக் கூட்டினா பாசிபிடிச்ச தொட்டி, நீலத்தைக் கூட்டினா அக்குவேரியம். மானை அதுக்குள்ள எங்க நிப்பாட்டிறது எண்டும் விளங்கேல்ல. மருமகன் சொல்லுறான் மீனுக்கு மூண்டு புள்ளி வையுங்கோ எண்டு, வைச்சுப் பாப்பம்.