மேசைக்கடியில் ஒளிந்திருந்த பக்கங்கள்

மேசைக்கடியில் மறைத்து வைத்து, மணி அடிப்பதற்குள் ஓட்டமாக வாசித்த சித்திரக்கதைகளைத் திரும்பத் தேடிச் சேர்க்கும் நம் பழைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இம்முறை கதையைத் துரத்த வேண்டாம், அதுதான் தெரியுமே. அன்று கண் பேச்சுக் குமிழிலிருந்து குமிழுக்குத் தாவியது. இப்போது குமிழ்களை விட்டுப் படங்களை மட்டும் பாருங்கள். திடுக்கிடும் காட்சி பெரும்பாலும் இடப்பக்கத்தின் முதல் கட்டத்தில் இருக்கும். தாளைப் புரட்டும்வரை கண்ணில் படக்கூடாதல்லவா!

ஒரே கதைக்கு இரண்டு பதிப்புகள் கிடைத்தால் அருகருகே விரித்து வையுங்கள். சித்திரக்கதை நாயகன் டின்டின் ஸ்கொட்லாந்து போகும் கதை 1938இல் கறுப்பு வெள்ளையில் புத்தகமானது, 1943இல் வண்ணம் பெற்றது. பிரிட்டிஷ் பதிப்பகத்தார் படப்பிழைகளைப் பட்டியலிட்டுக் கொடுக்க, 1966இல் அது முழுவதும் மறுபடி வரையப்பட்டு வந்தது. எது அழகு என்பதில் ரசிகர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. என் வாக்கு பழையதற்கே.

வாங்கும்போது அட்டையில் மயங்காமல் நடுப்பக்கத்தைத் திறவுங்கள். தாள்களைப் பிணைக்கும் கம்பி துருப்பிடித்திருந்தால் சுற்றியுள்ள தாளும் நைந்திருக்கும். நடுத்தாள் கழன்று போயிருந்தால் நான்கு பக்கம் இல்லை. யாரோ கூப்பனை வெட்டியிருந்தால் அதன் முதுகில் இருந்த கட்டமும் போயிற்று. பெரும்பாலும் வில்லன் பிடிபடும் கட்டமாகத்தான் இருக்கும்.

மலிவான அச்சுத்தாளில் மர இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் இருக்கும். ஒளியும் காற்றும் பட்டு அது பழுப்பேறும். தாளில் அமிலம் சேர்ந்து மடிப்பில் முறியும். பழைய புத்தக வாசம் என்று நாம் சொக்குவது இந்தச் சிதைவைத்தான். பழுத்ததைப் பழையபடி ஆக்க முடியாது, மேலும் பழுப்பதைத் தாமதப்படுத்தலாம். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறையும் உள்ளே அமிலமற்ற அட்டையும் போதும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை கூடாது, அதை வளையச் செய்யச் சேர்க்கும் மென்மையாக்கி கசிந்து அச்சு மையைப் பிடித்துக்கொள்ளும். பெட்டியில் நிமிர்த்தி அடுக்குங்கள். தளர்வாக வைத்தால் சரிந்து வளையும், நெருக்கினால் உருவும்போது மூலை மடியும். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். கூரைக்கடியும் நிலவறையும் வேண்டவே வேண்டாம்.

செல்லோடேப்தான் பெரிய எதிரி. சில ஆண்டுகளில் நாடா உதிர்ந்துவிடும், பசை மட்டும் மஞ்சளாகத் தாளுக்குள் இறங்கி நிற்கும். கிழிசலுக்கு மெல்லிய, ஆனால் வலுவான ஜப்பானியத் திசுத்தாளும் நீர்த்த கோதுமைப் பசையும் நல்லது. முதலில் ஈரப்பஞ்சால் ஓரத்தைத் தொட்டு மை கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் அந்தக் கிழிசலைத் தொடாதீர்கள். பூச்சி தெரிந்தால் புத்தகத்தைக் காற்றுப்புகாத பையில் இட்டு, உறைபெட்டியில் -20 பாகை செல்சியஸில் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். இல்லையேல் தாளில் நீர் படியும்.

நிலையைச் சோதித்துத் தரம் மதிப்பிட்டு, பிளாஸ்டிக் கூட்டில் முத்திரையிட்ட பிரதிகளும் விற்பனைக்கு உண்டு. திறந்தால் அந்தத் தரச்சான்று செல்லாது. வாசிக்க விரும்புகிறவர் அட்டை கிழிந்த, ஆனால் பக்கங்கள் முழுமையான பிரதியைத் தேடட்டும். அட்டை மேல் பென்சிலில் யாரோ ஒரு சிறுவன் தன் பெயரையும் வகுப்பையும் எழுதியிருந்தால் அழிப்பானைக் கையில் எடுக்காதீர்கள்.