நல்லவனுக்குக் காதல் அமையாதா?

‘நல்ல பையன்களைப் பெண்களுக்குப் பிடிக்காது’ என்று இன்றும் ஒருவர் சொன்னார். இதில் ‘நல்ல’ என்றால் என்ன? அன்பாக நடப்பதா, எதையும் மறுத்துப் பேசாமல் இருப்பதா, பதிலுக்குக் காதல் வரும் என்று எதிர்பார்த்து உதவுவதா? மூன்றும் வேறு வேறு. அன்பான ஒருவனுக்குத் துணை கிடைத்ததைக் காட்டினால், ‘அவன் உண்மையில் நல்லவன் இல்லை’ என்று வரையறையையே மாற்றிவிடுகிறார்கள். தத்துவவாதி ஆண்டனி ஃப்ளூ இதைத்தான் ‘உண்மையான ஸ்காட்லாந்துக்காரன்’ பிழை என்றார்.

அப்புறம், அந்தப் பேச்சு உண்மைபோலத் தோன்ற இன்னொரு காரணமும் இருக்கலாம்: 1946-ல் புள்ளியியலாளர் ஜோசப் பெர்க்சன் மருத்துவமனைத் தரவுகளை வைத்து விளக்கிய தேர்வுப் பிழை, அதாவது யாரை மட்டும் கவனிக்கிறோம் என்பதாலேயே வரும் பிழை. அழகு, குணம் இரண்டில் ஒன்றாவது இருப்பவர்களை மட்டுமே நாம் கவனித்தால், அந்தக் கூட்டத்துக்குள் அழகானவர்கள் குணத்தில் குறைந்தவர்களாகவே தெரிவார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும்கூட.

நிராகரிப்பின் வலி நிஜம்தான். அந்த வலியில் ஒருவன் அன்பையே கைவிடுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.