ஈஸ்ட் ஹாமில் வெள்ளையடித்த கதை

லண்டனில், ஈஸ்ட் ஹாமில் நாங்கள் வாங்கியது நூறு வருடத்துக்கு மேல் பழைய வீடு. தெரு முழுக்க ஒரே சுவரைப் பங்கு போட்டு நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று. சாவி கைக்கு வந்தது அக்டோபரில். தீபாவளிக்கு முன்னால் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று ஊரிலிருந்து அத்தை நாள் பார்த்துச் சொல்லிவிட்டார். எங்கள் சின்னவளுக்கு அப்போது மூன்று வயது, சுவரைக் கண்டாலே கிரேயானை எடுப்பாள். அதனால் ஈரத்துணியால் துடைத்தால் போகிற மாதிரி, பளபளப்பான வினைல் பெயிண்டாகப் பார்த்து வாங்கி, அவசர அவசரமாக இரண்டு கோட்டு அடித்து முடித்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரியில் சோஃபாவை நகர்த்தினால், பின்னால் சுவர் உப்பியிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, சுட்ட அப்பளத்தில் எழும்பும் கொப்புளம் மாதிரி. கட்டைவிரலால் அழுத்தினேன். தோல் கிழிந்து பழுப்புத் தண்ணீர் கோடாக வழிந்தது. உள்ளே இருந்த காரை புட்டு மாவாக உதிர்ந்து கையோடு வந்தது. அதில் நாலைந்து முடி வேறு. பதறிப்போனேன். அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் காரை விரிசல் விடாமல் பிடித்து நிற்க மாட்டு முடியோ ஆட்டு முடியோ கலந்து பூசுவார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இலவசமாகப் பார்த்துச் சொல்கிறோம் என்று ஒருவர் வந்தார். இரண்டு ஊசி வைத்த சின்னக் கருவியைச் சுவரில் குத்தினார், அது கீச்சென்று கத்தியது. தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது, துளை போட்டு ரசாயனம் ஏற்ற வேண்டும், காரையைத் தட்டிவிட்டுச் சிமென்ட் பூச வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகையில் குடும்பத்தோடு ஊருக்குப் போய் வந்துவிடலாம். அந்தக் கருவி அளப்பது சுவரில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதைத்தான். உப்பு பூத்த சுவரில் குத்தினாலும் அது அப்படித்தான் கத்தும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற கொத்தனார். கூப்பிட்டதற்கு வந்தவர் வீட்டுக்குள் நுழையவே இல்லை, தெருவில் நின்றே சுவரைப் படித்தார். செங்கல் ஒன்று நீளமாக, அடுத்தது குட்டையாக, மாறி மாறி வருவதைக் காட்டினார். குட்டையாகத் தெரிவது குறுக்கே படுத்திருக்கும் கல்லின் தலை. அப்படியானால் நடுவில் இடைவெளி விடாத ஒன்பது அங்குலச் சுவர். இந்தச் சுவர் மழையில் கொஞ்சம் ஈரத்தைக் குடிக்கும், காற்றடித்தால் விட்டுவிடும். சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்புக் காரையும் அதற்கு வழி விடும். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் வெளியே செங்கல் இடுக்குகளைச் சிமென்டால் அடைத்திருந்தார்கள். உள்ளே நாங்கள் வினைல் பெயிண்ட் என்ற பிளாஸ்டிக் தோலைப் போர்த்திவிட்டோம். ஈரம் எங்கே போகும்? பழைய வீடு மூச்சு விட வேண்டும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். சுவர் வழியாகக் காற்று எதுவும் வந்து போவதில்லை, ஈரம்தான் ஆவியாகி வெளியேறுகிறது. இதை நேராகச் சொல்லியிருந்தால் எனக்கு முதல் நாளே புரிந்திருக்கும்.

ஆறு மாதத்துக்குப் பெயிண்ட் டப்பாவைத் தொடவில்லை. மழைநீர்க் குழாயின் மூட்டு ஒழுகிச் சுவரை நனைத்துக்கொண்டிருந்தது, அதை மாற்றினோம். ஓதம் ஏறாமலிருக்கச் சுவரின் அடியில் ஸ்லேட் கல் வரிசை ஒன்று வைத்திருப்பார்கள். முன்புறம் ரோஜாச் செடிக்காகக் குவித்த மண் அந்த வரிசையையே மூடியிருந்தது. அதற்குக் கீழே 150 மில்லிமீட்டர் இறங்கும்வரை மண்ணை வெட்டி எடுத்தோம். மரத்தரைக்கு அடியில் காற்றோட வைத்த ஓட்டைச் செங்கலும் அடைபட்டிருந்தது. குளிர் வருகிறதே என்று அதில் பழைய துணியைத் திணித்தது வேறு யாருமில்லை, நான்தான்.

கோடையில் சுரண்ட ஆரம்பித்தோம். ஈரம் இருந்த இடத்தில் வினைல் தோல் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது, மற்ற இடங்களில் தோள்பட்டை கழன்றது. அடியில் இருக்கும் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், நனைத்து நனைத்தே எடுத்தோம். உதிர்ந்த இடத்தைச் சுண்ணாம்புக் காரையாலேயே பூசச் சொன்னோம்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். "அப்பா, இங்கே சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்றாங்க."

"அதுக்கா தாயி லண்டன் வரைக்கும் போனே?"

கோவில்பட்டி வீட்டில் பொங்கலுக்கு முன்னால் அவரேதான் தொட்டியில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டு நீற்றுவார். கொதிக்கும்போது எங்களைக் கிட்டே விடமாட்டார், கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும் என்பார். இங்கே நீற்றியதை வாளியில் விற்கிறார்கள், கண்ணாடி போட்டுக்கொள் என்று மேலே எழுதியும் இருக்கிறது. அப்பா சொன்னது இரண்டே விஷயம். "முதல்ல சுவத்த நனைச்சுக்கோ, காஞ்ச சுவரு தண்ணிய இழுத்துக்கிட்டா பொடிப்பொடியா உதிரும். பால் மாதிரி அடி, தயிர் மாதிரி அடிச்சா வெடிச்சிரும்."

முதல் கோட்டு அடித்தபோது எதுவுமே தெரியவில்லை, சுவர் ஈரமாக மட்டும் இருந்தது. ஏமாந்துவிட்டோமோ என்று தூங்கப் போனேன். காலையில் வெளுத்திருந்தது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. நாளுக்கு ஒன்றாக நாலு கோட்டு.

மாடி அறையில் இதைச் செய்யவில்லை. பிளாஸ்டிக் பெயிண்டின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, அங்கே சுரண்ட எனக்குத் தெம்பும் இல்லை. அந்த அறையில் ஓதமும் இல்லை, இருப்பது இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் எங்கள் பங்கு. ஒரு தடவை துவைத்த துணி ஹீட்டர் மேல் காய்ந்தால் 2 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே ஆவியாகிறது. கூடவே குக்கர், இட்லிக் கொப்பரை. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்தேன், குளிர்காலக் காலையில் 78 சதவீதம் காட்டியது. சமையலறைக்கு வெளியே காற்றைத் தள்ளும் ஃபேன் போட்டோம், இட்லி வேகும்போது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலையும் திறந்து வைக்கிறேன். இப்போது பெரும்பாலும் 60-ஐத் தாண்டுவதில்லை.

சுண்ணாம்பில் ஒரு குறை உண்டு, சாய்ந்தால் ஒட்டும். சின்னவள் பள்ளிக்குக் கிளம்பும்போது அந்தச் சுவரில் முதுகை வைத்துத்தான் ஷூ மாட்டுகிறாள். தினமும் காலையில் அவளுடைய கருநீல ஸ்வெட்டரைத் தட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.