1862 ரூபாய் இரண்டு: தேய்ந்ததும் தேய்த்ததும்

விக்டோரியா ராணி தலை போட்ட ஒரு ரூபாய் வெள்ளிக் காசு இரண்டு என்னிடம் இருக்கின்றன. இரண்டிலும் 1862. ஒன்று கருத்துப்போனது, இன்னொன்று பளபளவென்று மின்னுகிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் மின்னுவதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது, எதைக் கைமாற்றுவது என்று முடிவு செய்ய ஒருவழியாக உட்கார்ந்தேன்.

முதலில் எடை. நாணயச்சாலையிலிருந்து வரும்போது ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் இருக்க வேண்டும். கருப்பு 11.54, மின்னுவது 11.61. இத்தனை காலம் கைமாறிய காசுக்கு இந்தக் குறைவு இயல்புதான். அப்புறம் தண்ணீர்ச் சோதனை. தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, நூலில் கட்டிய காசை அடியில் படாமல் முழுக்க அமிழ்த்த வேண்டும். கருப்புக்கு 1.12 காட்டியது. காசின் எடையை அதால் வகுத்தால் 10.3. 91.7 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு என்ற கலவைக்கு அடர்த்தி அந்த அளவில்தான் வரும். மற்றதும் அதே கணக்குக்குப் பக்கத்திலேயே வந்தது. காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெட்டுவிடும், காசை லேசாக ஆட்டிவிட்டுப் பார்ப்பது நல்லது.

தேய்மானம் பார்க்க பத்து மடங்கு லென்ஸும் பக்கவாட்டில் ஒரு விளக்கும் போதும். இந்த ரூபாயில் மேடான இடங்கள்தான் முதலில் போகும்: கன்னம், காதுக்கு மேலே உள்ள முடி, ஆடையின் பூவேலை. கருப்பில் காதோர முடி ஒன்றோடொன்று கலந்துவிட்டது, பூவேலையும் மழுங்கல். மின்னுவதில் முடி இழை இழையாகத் தெரிகிறது. தேய்மானத்தை மட்டும் வைத்துக் கிரேடு, அதாவது தரம், போட்டால் கருப்பு விஎஃப் (வெரி ஃபைன்), மின்னுவது அதைவிட ஒரு படி மேலான எக்ஸ்எஃப் (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்).

ஆனால் மின்னுவதை விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால் கதை மாறுகிறது. அச்சு அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்வதால் மேற்பரப்பில் நுண்ணிய கோடுகள் விழும். அசல் பளபளப்பு என்றால் அந்தக் கோடுகளில் பட்ட வெளிச்சம் சக்கரத்து ஆரம் போலச் சுற்றிவரும். இதில் சுற்றவில்லை, மொத்தமாக ஒரே வெள்ளை. லென்ஸில் பார்த்தால் உருவமும் எழுத்தும் இல்லாத வெற்றுப் பரப்பு முழுக்க ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். எழுத்துகளின் இடுக்கில், துணி போகாத இடத்தில் மட்டும் பழைய கருநிறம் அப்படியே இருக்கிறது. யாரோ விபூதி போட்டு நன்றாகவே தேய்த்திருக்கிறார்கள். குங்குமச்சிமிழுக்குச் சரி, காசுக்கு ஆகாது. கிரீடத்துக்கு நேர் மேலே விளிம்பில் ஓர் அரிசி அகலத்துக்கு வரிகள் அடைபட்டிருக்கின்றன. வளையம் பற்றவைத்து எடுத்த தடம். மாலையில் தொங்கிய காசு.

கருப்பின் விளிம்பில் நீலமும் நடுவில் சாம்பலுமாகப் படலம். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு மெல்ல மெல்லச் சேர்ந்து வந்த நிறம் இது, எழுத்துகளுக்கு நடுவே பழைய பளபளப்பும் கொஞ்சம் மிச்சம். ராணியின் முகத்துக்கு எதிரே சின்னதாக ஒரு சராப் முத்திரை, காசைச் சோதித்த வட்டிக்கடைக்காரர் குத்திய அடையாளம். கண்டிப்பாகப் பார்த்தால் அது சேதம்தான், கிரேடு குறையும். எனக்குப் பிடித்திருக்கிறது, அந்தக் காலத்தில் ஒருவர் சோதித்துப் பார்த்து அனுப்பிய காசு என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்? பழைய பிவிசி பிளாஸ்டிக் உறை விட்டுப்போன பச்சைப் பிசுக்கை மட்டும் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுத்தேன். தேய்க்கவே இல்லை. இப்போது மைலார் என்ற பாலியெஸ்டர் உறையில் இருக்கிறது.

ஆக, கருப்பு என்னோடு. மின்னுவதை யாருக்காவது கொடுத்தால், தேய்த்ததையும் வளையத் தடத்தையும் சொல்லித்தான் கொடுப்பேன்.

அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. 1862 என்ற ஆண்டையே 1874 வரை போட்டு அடித்தார்கள், பம்பாய் நாணயச்சாலை உண்மையான ஆண்டைப் புள்ளிகளால் குறித்தது. கருப்பில் ஆண்டுக்குக் கீழே புள்ளி தெளிவாகத் தெரிகிறது. மின்னுவதில் அந்த இடத்திலேயே கீறல்கள் ஓடுவதால் எது புள்ளி, எது அடிபட்ட பள்ளம் என்று பிடிபடவில்லை. வெளிச்சத்தின் கோணத்தை மாற்றி மாற்றிப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கப் போகிறேன்.